ரோஸ் சீட்டில் கட்டை விரல்

புது ஸ்டாம்ப் பேடின் தகர மூடியைத் திறந்ததும் ஒரு வாசனை வருமே, அது. மண்ணெண்ணெயும் இல்லை, நாவல் பழமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓர் ஊதா நிற வாசனை. போன வாரம் கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீசில் ஒரு சான்றிதழுக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் கட்டை விரலை மையில் அமுக்கினாள், மனுவின் அடியில் உருட்டி வைத்தாள், விரலில் மிச்சமிருந்ததைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள். கைநாட்டு வைக்கிறவர்கள் அங்கேதான் துடைப்பார்கள். அதற்கென்று ஒரு துணி எந்த ஆபீசிலும் கிடையாது.

என் முறை வந்தது. எழுத்தர் பேனாவை நீட்டினார். நான் வாங்காமல் நின்றேன்.

"இன்னாங்க, கையெழுத்து போடத் தெரியாதா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் இடது கட்டை விரல் தானாக உள்ளே மடங்கி, நான்கு விரல்களுக்குக் கீழே பதுங்கியிருந்தது, மழைக்கு ஒதுங்கிய நாய்க்குட்டி மாதிரி.

அந்தப் பழக்கம் எனக்குக் கல்வராயன் மலையில் வந்தது. அங்கே என்னால் நடந்த ஒரு காரியத்தை நான் இதுவரை முழுசாக எழுதியதில்லை. செய்தியாக எழுதியது வேறு.

அப்போது நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை, ஒரு பழைய ஸ்கூட்டி, தோளில் கேமரா. கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரான பிறகு செய்தி தானாகவே ஊருக்குள் நடந்து வந்தது: மனு நாள், கோர்ட்டு, மறியல். ஆனால் எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பஸ் நின்றால் மனசு இறங்கி நடக்க ஆரம்பித்துவிடும். மலைக்குப் போகிற பஸ் என்றால் கேட்கவே வேண்டாம்.

அதே நாட்களில் ஒரு சிற்றிதழுக்கு ஓர் அமெரிக்கப் பெண்மணியின் வாழ்க்கையைத் தொடராக எழுதிக்கொண்டிருந்தேன். நூறு வருஷத்துக்கும் முன்னால் வாழ்ந்த பத்திரிகைக்காரி. பெண்களுக்கு வோட்டு வேண்டும் என்று எழுதியே விரல் தேய்ந்தவள். ஈய எழுத்துகளைத் தானே கோத்து ஒரு வாரப் பத்திரிகை நடத்தினாள். அவள் போராட்டத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. பெண்ணுக்கு வோட்டு உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியதும் வோட்டுத்தான்; அந்த வோட்டைப் போட வேண்டியவர்கள் ஆண்கள். ஆகவே குதிரை வண்டி ஏறி, மலைக் கிராமம் மலைக் கிராமமாகப் போய், சாராயக் கடை வாசலில் நின்று அவர்களிடமே கேட்டாள். தோற்றாள். மறுபடி வண்டி ஏறினாள். மறுபடி தோற்றாள்.

வோட்டுக் கேட்டு மனுவில் கையெழுத்திட்ட பெண்களின் பெயர்களை அவள் தன் பத்திரிகையின் முதல் பக்கத்தில் அச்சிட்டாள். கணவன் பெயர் ஒட்டாத, அவரவர் சொந்தப் பெயர். அந்த இடத்தை எழுதி முடித்த அன்று எனக்குக் காய்ச்சல் அடிப்பது போல இருந்தது. பெயரைப் போடு, முகத்தைக் காட்டு, அதுதான் தைரியம் என்று நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்தேன். பெயர் அச்சான மறுநாள் அந்தப் பெண்களுக்கு அவரவர் வீட்டில் என்ன நடந்தது என்று நான் தேடவில்லை. தேடத் தோன்றவே இல்லை.

*

மலையில் ஒரு சின்ன ஊராட்சி. வெள்ளிமலை தாண்டி, தார் ரோடு முடிந்த பிறகும் கொஞ்ச தூரம் போக வேண்டும். அங்கே தலைவர் பதவிக்கு ஒரு பெண் நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நூறு நாள் வேலையில் ஆள் வருகை எழுதுகிறவள். அவளுக்குக் கிடைத்த சின்னம் பூட்டுச்சாவி. தேர்தல் காலத்தில் மனுஷர்களின் பெயர் உதிர்ந்துபோய்ச் சின்னம் ஒட்டிக்கொள்ளும். ஊரே அவளைப் பூட்டுச்சாவி என்று கூப்பிட ஆரம்பித்தது. நானும் இங்கே அப்படியே கூப்பிடுகிறேன்.

அது பெண்களுக்கு ஒதுக்கிய பதவி இல்லை. ஊருக்கு அதுதான் கோபம். "பொம்பள சீட்டா இருந்தா நீயே நின்னுக்கோ, யாரு வேணான்னது, இது பொதுவுல" என்று சொல்லிப் பார்த்தார்கள். அவள் கேட்டது ஓடைக்கு ஒரு பாலம். மழை பிடித்துவிட்டால் அந்தப் பக்கத்து நான்கு குடிசைக் கூட்டமும் தனித் தீவு. பிரசவ வலி வந்தவளைக் கட்டிலோடு தூக்கி, இடுப்பளவு தண்ணீரில் இறக்கிக் கொண்டுபோன ஆறு பேரில் அவளும் ஒருத்தி. அதைப் பற்றி நீட்டிப் பேசமாட்டாள். "கட்டுலுக்கு ஒரு கால் ஆட்டங்கண்டிருந்துச்சுக்கா, அவ்ளோதான்" என்பாள்.

வாக்கு எண்ணிக்கை ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிருபர்கள். தலைவர் பதவிக்கு ரோஸ் கலர் சீட்டு. ஒன்றைப் பிரித்த அதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பூட்டுச்சாவிப் படத்தின் மேல் முத்திரை ஒழுங்காக விழுந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், கவனமாக, அழகாக, உருட்டி வைத்த ஒரு கைநாட்டு.

"செல்லாது."

அடுத்த சீட்டிலும் கைநாட்டு. அதற்கடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததில் இருந்தது. போட்டவர் யார் என்று காட்டிக்கொடுக்கிற எந்தக் குறியும் வோட்டுச் சீட்டில் இருக்கக் கூடாது. கட்டை விரலைவிடப் பெரிய குறி எது. செல்லாதவை தனிக் கட்டாகச் சேர்ந்துகொண்டே போயின. ரப்பர் பேண்டு போட்டு ஓரமாக வைத்தார்கள். அந்தக் கட்டு மேசையில் இரண்டு முழம் நகர்ந்து அவள் கட்டோடு சேர்ந்திருந்தால் அவள் தலைவர்.

பள்ளிக்கூட வாசலில் காத்திருந்த பெண்களிடம் அவள் சண்டை போடவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டாள். அவளுடைய எதிர் வீட்டுக்காரி பதில் சொன்னாள். வெற்றிலை வாய், எதையும் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போகிறவள்.

"இன்னாடி இப்பிடிக் கேக்கற. நூறு நாள் வேலைக்குக் கைநாட்டு. அரிசிக்குக் கைநாட்டு. லோனுக்குக் கைநாட்டு. வெக்கலன்னா உன்னுது இல்லன்றான். இத்தினி வருசம் கழிச்சு உனக்குன்னு ஒரு வோட்டு குத்தறேன், அது என்னுதுன்னு தெரிய வேணாமா?"

நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான்.

*

ஜெயித்தவர் ஒன்றரை வருஷத்தில் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். இடைத்தேர்தல் வந்தது. இந்த முறை ரோஸ் சீட்டு மட்டும்தான். ஊர் கூடி ஓர் ஆளை நிறுத்தியது. அவருக்கு ஆட்டோ சின்னம். பூட்டுச்சாவி மறுபடி மனுப் போட்டாள். வாபஸ் வாங்கும் நாளும் போய்விட்டது.

நான் போனபோது நூறு நாள் வேலையின் சாப்பாட்டு நேரம். ஒரு பலா மரத்தடியில் பதினோரு பெண்கள். பூட்டுச்சாவி ரோஸ் நிற சார்ட் பேப்பரைச் சீட்டாக வெட்டி வைத்திருந்தாள். மரவள்ளிக் கிழங்குத் துண்டில் பெருக்கல் குறி செதுக்கி, அதுதான் முத்திரை. ஒரு கல்லின் மேல் திறந்த ஸ்டாம்ப் பேடு. மர நிழல் முழுக்க அந்த ஊதா வாசனை.

"மொதல்ல புக்குல கைநாட்டு வெப்பாங்க. அத வெச்சித்தான் ஆவணும். வெச்சதும் தலையில தொடை. தொடைச்சதும் கட்டை வெரல உள்ள மடக்கு. நாலு வெரலால மூடு. வெளிய வர்ற வரிக்கும் தொறக்காத. இந்த வலது கையால முத்திர."

"பொழுதுக்கும் கைய மூடிக்கினு நிக்கறதுக்கு நாம இன்னா குத்துச் சண்டைக்கா போறோம்?" என்றாள் எதிர் வீட்டுக்காரி.

"உன் வாய மூடச் சொன்னாத்தான் கஷ்டம். கையத்தான சொல்றாங்க" என்றது இன்னொரு குரல்.

சிரிப்பு. வரிசையாக எழுந்து வந்து பழகினார்கள். பதினோரு இடது கைகள், பதினோரு மூடிய முஷ்டிகள். வெயில் இலைக்குள் புகுந்து ஒவ்வொரு முகத்திலும் ஒரு காசு மாதிரி ஒட்டியிருந்தது. என் கேமரா ஏற்கெனவே கண்ணுக்கு வந்துவிட்டது.

"பேப்பர்ல வருமாக்கா?" என்றாள் பூட்டுச்சாவி.

"வரும்."

"வந்தா வரட்டும். இங்க எவன் பேப்பரு வாங்கறான்" என்றாள் எதிர் வீட்டுக்காரி.

பூட்டுச்சாவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "வோட்டு முடிஞ்ச பெறவு போடேன்."

நான் சொன்னது இன்றைக்கும் எனக்கு அப்படியே கேட்கிறது. "அப்ப அது செய்தி இல்லம்மா."

அவள் சீட்டுகளை அடுக்கப் போய்விட்டாள். என்னை நம்பினாள். அல்லது தன்னைவிடப் படித்தவளிடம் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. இரண்டில் எது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பத்திரிகைக்குப் படத்தை அனுப்பியபோது அந்த அமெரிக்கக்காரியைத்தான் நினைத்துக்கொண்டேன். அவள் பெயரைப் போட்டாள். நான் முகத்தைப் போட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

*

பேப்பர் மலைக்கு மத்தியானம்தான் ஏறும். அதிலிருந்த படம் காலையிலேயே ஏறிவிட்டது, ஆண்களின் செல்போன் வழியாக. எனக்கும் யாரோ அனுப்பினார்கள். ஒவ்வொரு தலையைச் சுற்றியும் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. பதினோரு வட்டம்.

அடுத்த நாள் அவளே கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அக்கா, போட்டோவுல இருக்கறதுல மூணு பேர வேன்ல ஏத்தி உட்டுட்டாங்க. கேரளாவுக்கு. மொளகு பறிக்க."

"மிளகு சீசனா இப்போ?"

"வேலை இருக்குதோ இல்லையோ, வோட்டு முடியற வரிக்கும் திரும்பக் கூடாதாம். மிச்சம் எட்டுப் பேரு. நாளைக்கு மத்தியானம் கோயில்ல கற்பூரம் வெக்கறாங்க. ஆட்டோவுக்குத்தான் குத்துவோம்னு சத்தியம் பண்ணணுமாம். பண்ணிட்டா அவளுங்க மாத்தமாட்டாளுங்கக்கா. நான் சொன்னாலும் மாத்தமாட்டாளுங்க."

"நான் என்ன செய்யட்டும்?"

"தெரியல. நீ ஆரம்பிச்சது. வந்து நில்லு."

எனக்குச் சத்தியத்தின் கனம் தெரியாது. களமருதூர்ப் பக்கத்தில் ஒரு வேதக்காரக் குடும்பம் எங்களுடையது. அப்பா நெல் வயலும் ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுமாக இருந்தவர். வீட்டில் சத்தியமாக என்று ஒரு சொல் வந்தால் முதுகில் அடி விழும். ஆமாம்னா ஆமாம், இல்லன்னா இல்ல, அதுக்கு மேல இன்னாத்துக்குப் பேச்சு என்பார். ஆகவே அன்று மலைப் பஸ்ஸில் நான் பயந்ததெல்லாம் அடிதடிக்குத்தான். கச்சிராயப்பாளையம் தாண்டியது, கோமுகி அணையின் தண்ணீர் ஒரு தகரத் தகடு போலத் தெரிந்து மறைந்தது. ஒவ்வொரு வளைவிலும் கேமரா என் விலாவில் இடித்தது. இறங்கிவிடலாமா என்று இரண்டு இடத்தில் எழுந்தேன். இரண்டு இடத்திலும் பஸ் நிற்கவில்லை.

எதிர் வீட்டுக்காரி பஸ் நிற்கும் இடத்துக்கே வந்திருந்தாள். கோயிலுக்கு நடந்துகொண்டே சொன்னாள்.

"ஒரு தட்டு. ஒரு கட்டி. மொத ஆளு முழுசா சொல்லி உள்ளங்கையால அணைப்பாங்க. பின்னால வர்றவங்க நீட்டி முழக்க வேணாம். சூட்டோட தட்டுல கை வெச்சு, 'அப்படியே'ன்னா போதும். அவங்க சொன்னது இவங்களுக்கும் சேத்துதான்."

"முதல் ஆள் யார்?"

"ஊர்ப் பெரியவர் வூட்டு ஆளுங்க யாராச்சும். எப்பவும் அதான்."

"சொல்ல மாட்டேன்னு நீங்க போயிட்டா?"

"எங்க போறது?" என்றாள். "ஒரு காரியத்துக்கு ஒரு கட்டிதான் கொளுத்துவாங்க. ரெண்டாந்தபா கொளுத்துனா சாமிய நம்பலன்னு ஆயிடும். அதனால அன்னிக்கே, அங்கியே முடிஞ்சுப்பூடும்." வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "உன் போட்டோவுல நான் நல்லாத்தான் இருந்தேன். என் வூட்டுக்காரன் நாலு தபா பாத்தான். அஞ்சாந்தபா அடிச்சான்" என்றாள். சிரித்தாள். கன்னத்து வீக்கம் சிரிப்பை ஒரு பக்கம் இழுத்தது.

*

கோயில் என்றால் ஒரு கல் மேடை, மேலே தகரக் கூரை. ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் நின்றிருந்தார்கள். நடுவே ஊர்ப் பெரியவர். வெளுத்த சட்டை, நிதானமான முகம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"வாங்க பேப்பரம்மா. டீ சாப்புடுங்க."

டீ வந்தது. டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"எங்க ஊர்லருந்து ஸ்டேசனுக்கு ஒரு மனு போனது கெடையாது. ஏன்னா கேளுங்க. கூடிப் பேசுவோம். பேசுனத மாத்தமாட்டோம். கீழ நாட்டுல மாதிரி வூட்டுக்கு ஒரு கட்சி, கட்சிக்கு ஒரு வெட்டு குத்து, அதெல்லாம் இங்க கெடையாது. ஒரு போட்டோவுல நீங்க அத ரெண்டாக் கிழிச்சிட்டீங்க."

அவர் பொய் சொல்லவில்லை.

"முந்தாநாளு அதப் போட்டீங்க. இன்னிக்கு இவங்க சத்தியம் பண்றதையும் புடிச்சுப் போடுங்க. ஊரு ஒத்துமையா இருக்குதுன்னு எழுதுங்க. அத்தோட முடிஞ்சுது, இந்த எட்டுப் பேர யாரும் ஒரு வார்த்த கேக்கமாட்டாங்க. அதுவும் செய்தி, இதுவும் செய்திதான?"

செய்திதான். எனக்குத் தெரிந்த எந்த இலக்கணத்திலும் அது செய்திதான். போட்டால் பூட்டுச்சாவி முடிந்தாள். போடாவிட்டால் இந்த எட்டுப் பேரின் கன்னங்கள். நான் பூட்டுச்சாவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தட்டில் வைத்த கற்பூரக் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ தீக்குச்சி கிழித்தார்கள்.

பெரியவர் வீட்டு ஆள், அவருடைய தம்பி, வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். பெரியவர் கையைக் காட்டி உட்கார வைத்தார். சுற்றிலும் பார்த்தார். முகத்தில் மெல்லிசாக ஒரு விளையாட்டு வந்தது.

"தலைவராவணும்னு துடிக்கிறவங்களே மொதல்ல வரட்டும். அவங்களும் இந்த ஊர்தான."

ஆண்கள் சிரித்தார்கள். பின் வரிசையில் ஒருவன், "பூட்ட அவங்களே பூட்டிக்கட்டும்" என்றான். இன்னும் சிரிப்பு. சொந்த வாயால் எதிராளிக்கு வோட்டு என்று சொல்ல வைப்பது. அதைவிடப் பெரிய அவமானம் அவருக்குத் தோன்றியிருக்காது.

அவள் தலை நிமிர்ந்தது. "நானா பெரிப்பா? மொதல்லயா?"

"நீதான்."

"நல்லா யோசிச்சுக்குங்க."

"நீதாம்மா. வா."

பக்கத்தில் எதிர் வீட்டுக்காரி வெற்றிலை மெல்லுவது நின்றது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது: முதல் ஆள் சொல்வதுதான் பின்னால் வருகிறவர்களுக்கும். பெரியவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

அவள் மேடைக்குப் போனாள். கற்பூரம் எரியும்போது சத்தம் வராது என்பார்கள். அன்று எனக்குக் கேட்டது.

"சாமி சாட்சியா. ஊரு சாட்சியா. என் வோட்டு யாருக்குன்னு குத்தறதுக்கு முன்னாடியும் சொல்லமாட்டேன், பின்னாடியும் சொல்லமாட்டேன். என் மனசு காட்டற எடத்துல குத்துவேன். மாத்தமாட்டேன்."

உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். கற்பூரப் புகையும் தோல் காந்திய வாடையும் ஒன்றாக எழுந்தன.

ஒருத்தரும் அசையவில்லை. எதிர் வீட்டுக்காரி என்னைத் தாண்டி நடந்தாள். சூட்டுத் தட்டில் கையை வைத்தாள்.

"அப்படியே."

அடுத்தவள். "அப்படியே."

அதற்குள் பின் வரிசை எழுந்துவிட்டது. "இது செல்லாது. வேற கட்டி வெய்யி." "ஏமாத்தறாளுங்க." ஒருவன் மேடை வரைக்கும் வந்து தட்டை இழுக்கப் பார்த்தான். அவன் கையைப் பெரியவர் பிடித்தார்.

"ஒரு காரியத்துக்கு ஒண்ணுதான்டா."

"பெரிப்பா, அவ சொன்னத கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். ஒண்ணுதான்."

அந்த வழக்கத்தை அவர் ஆயுசு முழுக்கக் காப்பாற்றியவர். அன்று அது அவரைக் கட்டிப்போட்டது. கட்டுப்பட்டார். அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்தப் பிடித்த கையையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஏழாவதாக வந்தவள் சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. அவள் கணவன் தூணோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கை தட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. உதடு அசைந்தது. சொன்னாளா, என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அழுதுகொண்டே இறங்கிப் போனாள்.

எட்டாவது ஆள் முடிந்ததும் பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"புடிச்சீங்களா பேப்பரம்மா?"

"இல்லீங்க."

கேமரா உறையை நான் திறக்கவே இல்லை. என் இடது கை மூடியிருந்தது. எப்போது மூடினேன் என்று தெரியவில்லை.

அவர் "நல்லது" என்றார். எதைச் சொன்னார் என்று இன்றுவரை புரியவில்லை.

*

வோட்டு நாளன்று காலையிலிருந்தே சாவடிக்கு வெளியே நின்றேன். பெண்கள் வரிசையில் பேச்சில்லை. உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், இடது கையை மூடிக்கொண்டு. தலைமுடியில் புதிதாக ஊதாக் கறை. வெளியே வந்த பிறகும் கையைத் திறக்க மறந்து, ஓடைப் பாதையில் முஷ்டியோடு இறங்கிப் போனார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொருத்தியும் எதையோ சிந்தாமல் எடுத்துக்கொண்டு போவது போல இருந்தது.

எண்ணிக்கை அதே பள்ளிக்கூடம். ரோஸ் சீட்டுகள் பிரிந்தன. நான் அதிகாரியின் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் விரல்களைப் பார்த்தேன். ஒன்றுகூட வெளிச்சத்துக்கு உயரவில்லை. செல்லாத கட்டுக்கென்று எடுத்து வைத்த ரப்பர் பேண்டு மேசை மேல் கடைசி வரை சும்மா கிடந்தது.

அவள் தோற்றாள்.

போன முறையைவிட வித்தியாசம் கம்மி. ஆனாலும் தோல்வி. கேரளாவுக்கு அனுப்பிய மூன்று பேரும் வந்திருந்தாலும் அந்தப் பள்ளம் நிரம்பியிருக்காது. அதை நான் திரும்பத் திரும்பக் கழித்துப் பார்த்தேன், எனக்கு விடுதலை கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை. சிவப்பு வட்டம் போட்ட அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, வட்டத்துக்கு வெளியே இருந்த எத்தனை பேர் பயந்து மனசை மாற்றிக்கொண்டார்கள் என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்காது. எழுதியிருந்தால்தான் செல்லாதே.

வெளியே வந்து அவளைத் தேடினேன். பள்ளிக்கூடக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வலது உள்ளங்கையில் கற்பூரம் சுட்ட இடம் காய்ந்து, ஓரம் உரிந்திருந்தது. பஸ் நிற்கும் இடம் வரை கூட நடந்து வந்தாள். ஆட்டோ சின்னத்துக்காரர்களின் வெடிச் சத்தம் பள்ளத்தாக்கில் விழுந்து, ஒரு தரத்துக்கு இரண்டு தரமாகத் திரும்பி வந்தது.

"ஒண்ணுகூட செல்லாம போவலியாமே?" என்றாள்.

"ஒண்ணுகூட இல்ல."

"அப்ப எனக்கு எத்தினி பேரு இருக்காங்கன்னு இப்பதான் சரியாத் தெரியுது. போன தபா அதுகூடத் தெரியல."

நான் மன்னிப்புக் கேட்டேன். வழியில் கோத்து வைத்த வாக்கியம். சொல்லும்போது துண்டு துண்டாக வந்தது. அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

"அந்த மூணு பேரும் பொங்கலுக்கு வருவாங்க. அவங்க கிட்ட கேளு."

பஸ் மேட்டில் திரும்புகிற சத்தம் கேட்டது. வருவதற்கு இன்னும் மூன்று வளைவு. அவள் திடீரென்று கேட்டாள்.

"ஒரு வெள்ளக்காரம்மா கதை எழுதறன்னு சொன்னியே. பேப்பரு நடத்துனாங்கன்னு. அவங்க கடைசில வோட்டு போட்டாங்களா?"

"போட்டாங்க. வயசான காலத்துல."

"யாருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். அவள் வாழ்க்கையைப் பற்றிக் கிடைத்த அத்தனை தாளையும் மனசுக்குள் புரட்டினேன். எதற்கெல்லாமோ பக்கம் பக்கமாக எழுதியவள்.

"தெரியல. எங்கியும் எழுதி வெக்கல."

பூட்டுச்சாவி அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள். "வெவரமான பொம்பள."

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் ஜன்னலுக்குக் கீழே வந்து, சுட்ட கையால் பஸ்ஸின் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். அது எனக்கா டிரைவருக்கா என்று தெரியவில்லை. பஸ் நகர்ந்தபோது கூடவே நான்கு எட்டு நடந்தாள்.

"அக்கா, பொங்கலுக்கு வா. அந்தப் போட்டோப் பொட்டிய வூட்டுல வெச்சிட்டு வா."